ஜூன் மாத ஆய்வுக்கூடத்துக்கு அக்டோபரிலேயே தயாராகுங்கள்: மரபணுத் துறைக்கான கோடைக்கால ஆய்வுப் பயிற்சி

பால்மரம் வெட்டியவர்களுக்கு ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற பெயர் தெரிந்திருக்கும். நிறையப் பால் தரும் ரகம் என்று தோட்டம் தோட்டமாக நடப்பட்ட மரம் அது. அந்த ரகத்தின் மரபணுத்தொகுதியைப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படித்து, முதல் வரைவை 2013இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு மலேசிய செம்பனை வாரியத்தின் குழு செம்பனையின் மரபணுத்தொகுதியை 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டது. அக்குழுவை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் டாக்டர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி.

நம் தாத்தா பாட்டி வெட்டிய மரத்தையும் அப்பா அம்மா சுமந்த குலையையும் எழுத்து எழுத்தாகப் படிக்கும் வேலை இது. மனிதர்களின் மரபணுவைப் படித்து நோய்க்கு மருந்து தேடும் வேலையும் இதுதான். இந்தத் துறைக்குள் ஒரு மாணவர் எப்படி நுழைவது? உலகம் முழுவதும் பலர் கடந்து வந்த முதல் படி, பல்கலைக்கழக விடுமுறையில் நடக்கும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி.

இதில் நம் மாணவர்கள் பலர் தவறவிடுவது இரண்டு செய்திகளை. ஒன்று, முறையான ஆய்வுப் பயிற்சிக்கு மாணவர் பணம் கட்டுவதில்லை. அவருக்குத்தான் உதவித்தொகை தருகிறார்கள். இரண்டு, ஜூனில் தொடங்கும் பயிற்சிக்கான விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் முடிந்துவிடுகிறது. மே மாதத்தில் தேடத் தொடங்கினால் கதவு மூடியிருக்கும்.

ஜெனோமிக்ஸ் என்பது என்ன?

ஓர் உயிரின் உடலில் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் சேர்த்து மரபணுத்தொகுதி என்கிறோம். மனிதருக்கு அது சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட புத்தகம் போன்றது. ஒரு மரபணுவை மட்டும் தனியே பார்க்காமல் முழுப் புத்தகத்தையும் படித்து ஒப்பிடும் துறைதான் ஜெனோமிக்ஸ்.

மனித மரபணுத்தொகுதித் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் நிறைவுபெற்றது. 13 ஆண்டுகள் பிடித்த அந்த வேலையை இன்றைய கருவிகள் ஓரிரு நாளில் செய்துவிடுகின்றன. படிப்பது எளிதாகிவிட்டதால், படித்ததைப் புரிந்துகொள்ளும் ஆட்களுக்குத் தேவை கூடியிருக்கிறது. இந்தத் துறைக்கு உயிரியல் மாணவர்கள் மட்டுமல்லாமல் கணினி, கணிதம், புள்ளியியல் படித்தவர்களும் தேவைப்படுவது அதனால்தான்.

செம்பனையையே பாருங்கள். ஓடு தடித்த டூரா, ஓடே இல்லாத பிசிஃபெரா, இரண்டையும் கலந்து பெற்ற மெல்லிய ஓட்டு டெனெரா என்று மூன்று வகை உண்டு. தோட்டத்தில் எண்ணெய்க்காக நடுவது டெனெராவை. டூராவைவிட அது ஏறக்குறைய 30 விழுக்காடு அதிக எண்ணெய் தரும். நட்ட கன்று எந்த வகை என்று அறிய, அது காய்க்கும் வரை முன்பு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவை 2013இல் கண்டுபிடித்த பிறகு, நாற்றங்காலிலேயே ஓர் இலைத் துண்டைச் சோதித்துச் சொல்லிவிட முடிகிறது.

நம் இரத்தமும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா?

மருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் கார்பமசெபைன், குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். அந்த வகை ஐரோப்பியர்களிடம் மிக அரிது, ஆசியர்களிடம் கூடுதல். அதனால் சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளி நோயாளிகளுக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும்முன் மரபணுச் சோதனை செய்ய அறிவுறுத்தப்படுகிறது. ஐரோப்பியர்களின் தரவை மட்டும் வைத்திருந்தால் இது தெரிந்திருக்காது.

சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, 38 தெற்காசிய இந்தியர்களின் முழு மரபணுத்தொகுதியைப் படித்தது. 2019இல் வெளிவந்த அடுத்த பெரிய ஆய்வில் 4,810 பேர் இருந்தார்கள்; அவர்களில் இந்தியர் 1,127 பேர். ஐந்தே ஆண்டில் 38 பேர் ஆயிரத்தைத் தாண்டினார்கள். மலேசியாவிலும் தேசியப் பல்கலைக்கழகத்தின் மூலக்கூறு உயிரியல் கழகம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மலேசியர்களின் உடல்நலத் தகவலையும் இரத்த மாதிரியையும் திரட்டியிருக்கிறது. இந்தத் தரவையெல்லாம் படித்து, நீரிழிவும் இதய நோயும் மலிந்த நம் குடும்பங்களுக்கு என்ன பொருள் என்று சொல்லப்போகும் ஆட்களில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.

ஒரு கோடைக்காலம் என்ன செய்யும்?

1955ஆம் ஆண்டின் கோடையில், டேவிட் பால்டிமோர் என்ற 17 வயதுப் பள்ளி மாணவர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போனார். அங்கே மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் 20 வயது ஹோவர்ட் டெமின். ஆய்வு என்றால் என்ன என்பதை அந்த விடுமுறையில்தான் தெரிந்துகொண்டதாகப் பால்டிமோர் பிற்பாடு எழுதினார்.

15 ஆண்டுகள் கழித்து, 1970இல், இருவரும் வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் தனித்தனியாக ஒரே நொதியைக் கண்டுபிடித்தார்கள். ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ.வை எழுதும் நொதி அது. 1975இல் ரெனாட்டோ டல்பெக்கோவுடன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கோவிட் காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையில் வரும் 'ஆர்.டி.' அந்த நொதியைக் குறிப்பதுதான்.

ஜாக்சன் ஆய்வுக்கூடத்தின் கோடைப் பயிற்சி 1924 வரை வேர் கொண்டது. 2009இல் நோபல் பெற்ற ஜேக் சோஸ்டாக்கும் அங்கே பயின்றவர். நம் வட்டாரத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. சிங்கப்பூர் மரபணுத்தொகுதிக் கழகத்தை அதன் தொடக்கக் காலத்தில் வழிநடத்திய எடிசன் லியூ, 2012இல் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தின் தலைவரானார்.

எட்டுப் பத்து வாரத்தில் என்ன நடக்கும்?

பயிற்சி பெரும்பாலும் 8 முதல் 10 வாரம். மாணவரை ஓர் ஆய்வுக் குழுவில் சேர்த்து, முனைவர் பட்ட மாணவர் அல்லது ஆய்வாளர் ஒருவரை வழிகாட்டியாக வைப்பார்கள். வகுப்பில் பாடம் கேட்பது குறைவு. விடை யாருக்கும் தெரியாத ஒரு சிறு கேள்வியைக் கையில் கொடுத்து அதில் உழைக்கச் சொல்வார்கள்.

முதல் வாரம் பாதுகாப்பு விதிகளிலும் கருவிப் பழக்கத்திலும் போகும். ஒரு துளியில் பாதிக்கும் குறைவான திரவத்தைப் பிப்பெட்டில் சரியாக எடுக்கக் கை பழக வேண்டும். அடுத்து டி.என்.ஏ. பிரித்தெடுத்தல், பி.சி.ஆர். மூலம் பிரதி எடுத்தல், வரிசைப்படுத்தும் கருவிக்கு மாதிரி தயாரித்தல் என்று போகும்.

முதல் சோதனை பெரும்பாலும் தோற்கும். டி.என்.ஏ. சேர்க்காமல் வெறும் தண்ணீர் மட்டும் விட்ட ஒரு குழாயையும் ஒவ்வொரு முறையும் கூடவே வைப்பார்கள். அந்தத் தண்ணீர்க் குழாயிலும் விடை தெரிந்தால், எங்கோ கலப்படம் ஆகிவிட்டது என்று அர்த்தம். அன்றைய வேலை முழுவதும் வீண். மறுநாள் முதலிலிருந்து செய்ய வேண்டும். தேர்வில் எப்போதும் ஏ எடுத்த மாணவருக்கு இது புதிய அனுபவம். ஆய்வு தனக்கு ஒத்துவருமா என்பதை அந்த வாரத்தில் அவர் தெரிந்துகொள்வார்.

இன்னொரு வகைப் பயிற்சியில் குழாயே கிடையாது. முழுக்கக் கணினி வேலை. கருவி படித்துத் தந்த கோடிக்கணக்கான துண்டுகளை வரிசையாகப் பொருத்தி, எழுத்து மாறிய இடங்களைத் தேடுவது. லினக்ஸ், பைதான், ஆர் ஆகியவை இதில் கைக்கருவிகள்.

கடைசி வாரத்தில் செய்ததைச் சுவரொட்டியாகவோ பத்து நிமிட உரையாகவோ மற்றவர்கள் முன் வைக்க வேண்டும். திரும்பி வரும்போது அந்த அனுபவமும், நேரில் வேலை வாங்கிப் பார்த்த ஒருவரின் சிபாரிசும் மாணவருக்குக் கிடைக்கும். முதுகலை, முனைவர் பட்ட இடங்களுக்கும் உபகாரச் சம்பளங்களுக்கும் அந்தச் சிபாரிசு மிக முக்கியம்.

மலேசிய, சிங்கப்பூர் மாணவர்கள் எங்கே போகலாம்?

அமெரிக்காவைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. இணையத்தில் தேடினால் அமெரிக்கப் பயிற்சிகள்தாம் முன்னால் வந்து நிற்கும். அவற்றில் அந்நாட்டு அரசு நிதியில் நடக்கும் பல, அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இளங்கலை ஆய்வுத் திட்டமும், தேசியச் சுகாதாரக் கழகங்களின் கோடைப் பயிற்சியும் அப்படிப்பட்டவை. தகுதிப் பகுதியை முதலில் படித்தால் ஒரு வார உழைப்பு மிச்சம். நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடம் 1959 முதல் நடத்தும் பத்து வார இளங்கலைப் பயிற்சி, வெளிநாட்டு மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. அங்கே இடங்கள் குறைவு, போட்டி கடுமை.

நமக்கு மிக அருகில் இருப்பது சிங்கப்பூர். புவன விஸ்தா அருகிலுள்ள பயோபொலிஸ் வளாகத்தில் மரபணுத்தொகுதிக் கழகம் உட்படப் பல ஆய்வுக் கழகங்கள் இயங்குகின்றன. அவற்றை நடத்தும் ஏ-ஸ்டார் அமைப்பு, வெளிநாட்டு இளங்கலை மாணவர்களுக்கென 'சிப்கா' என்ற குறுகியகால ஆய்வு இணைப்பை மாத உதவித்தொகையுடன் வழங்கிவந்திருக்கிறது. மலேசிய மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை. சிங்கப்பூரில் படிப்பவர்களுக்கு, தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இளங்கலை ஆய்வுத் திட்டங்கள் வளாகத்துக்குள்ளேயே உண்டு.

'அம்ஜென் ஸ்காலர்ஸ்' திட்டம் அமெரிக்காவில் தொடங்கி ஆசியாவுக்கும் வந்திருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், தோக்கியோ, கியோத்தோ பல்கலைக்கழகங்கள் அதில் அடங்கும். ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம் எல்லா நாட்டு மாணவர்களையும் பயிற்சிக்கு எடுக்கிறது. அங்கே ஆண்டுக்கு இருமுறை விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரியாவின் வியன்னா பயோசென்டர் ஜூலை, ஆகஸ்டில் அனைத்துலகக் கோடைப் பள்ளி நடத்துகிறது. நிபந்தனைகளும் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் அந்தந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெளிநாடு போக முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். பாங்கியில் செம்பனை வாரியம், காஜாங்கில் மலேசிய மரபணுத்தொகுதி மற்றும் தடுப்பூசிக் கழகம், செராஸில் தேசியப் பல்கலைக்கழகத்தின் மூலக்கூறு உயிரியல் கழகம், 1900இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகம், சுபாங் ஜெயாவில் கேன்சர் ரிசர்ச் மலேசியா என்று உள்நாட்டிலேயே இந்த வேலை நடக்கிறது. 560 ஆசிய மார்பகப் புற்றுக் கட்டிகளின் மரபணுவைப் படித்து 2020இல் வெளியான ஆய்வு, சுபாங் ஜெயா குழுவினுடையது. பட்டப்படிப்பில் கட்டாயமாகச் செய்ய வேண்டிய தொழிற்பயிற்சியை இத்தகைய ஓர் ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியுமா என்று உங்கள் துறை மூலம் கேளுங்கள்.

விடுமுறை மோதல்

நமக்குக் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. வடக்கு நாடுகளில் கோடை விடுமுறை ஜூனில் தொடங்குகிறது; நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அப்போது இரண்டாம் பருவத் தேர்வு நெருங்கிக்கொண்டிருக்கும். நீண்ட விடுமுறை அதற்குப் பிறகுதான்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. தொடங்கும் தேதியை நாமே பேசி முடிவு செய்யக்கூடிய சிங்கப்பூர், ஒகினாவா போன்ற இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். தொழிற்பயிற்சிப் பருவத்தையே இதற்குப் பயன்படுத்த, முன்கூட்டியே துறையின் அனுமதி பெறலாம். ஓரிரு வாரம் தாமதமாகச் சேர முடியுமா என்று ஏற்பாட்டாளரிடம் விண்ணப்பிக்கும்முன் மின்னஞ்சலில் கேட்கலாம். கேட்பதால் யாரும் தகுதி இழப்பதில்லை.

எந்த மாதத்தில் எதைச் செய்வது?

ஆகஸ்ட், செப்டம்பர்: பிடித்த ஆய்வுத் தலைப்புகள் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தாறு பயிற்சிகளின் தகுதி, கடைசித் தேதி, உதவித்தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்.

அக்டோபர், நவம்பர்: இரண்டு விரிவுரையாளர்களிடம் சிபாரிசுக் கடிதம் கேளுங்கள். தன்விவரக் குறிப்பையும் விருப்பக் கட்டுரையையும் எழுதித் திருத்துங்கள். கடப்பிதழ் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: விண்ணப்பியுங்கள். கடைசி நாளில் அனுப்ப வேண்டாம். சிபாரிசுக் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு வாரம் வேண்டும்.

மார்ச், ஏப்ரல்: முடிவு வரும் காலம். சில இடங்களில் காணொளி நேர்காணல் இருக்கும்.

மே: விசா, காப்புறுதி, பயணச்சீட்டு.

விண்ணப்பத்தில் எதைப் பார்க்கிறார்கள்?

மதிப்பெண் ஓரளவு பார்க்கப்படும். அதைவிட விருப்பக் கட்டுரையைக் கவனமாகப் படிக்கிறார்கள். "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியல் பிடிக்கும்" என்று எல்லாரும் எழுதுவார்கள். எந்தக் கேள்வி உங்களை உறுத்துகிறது, அந்த ஆய்வுக்கூடம் வெளியிட்ட எதைப் படித்தீர்கள், அதில் எது புரியவில்லை என்று எழுதுங்கள். குடும்பத்தில் தலசீமியா இருந்திருக்கலாம். வீட்டுக்குப் பின்னால் செம்பனை நிரை இருந்திருக்கலாம். உண்மையான காரணம் இருந்தால் நேராகச் சொல்லுங்கள். பள்ளி விடுமுறையில் கடையில் வேலை செய்ததும் தன்விவரக் குறிப்பில் சேர வேண்டியதுதான். நேரத்துக்குப் போய், சொன்ன வேலையை முடித்தவர் என்பதற்கு அது சாட்சி.

சிபாரிசுக் கடிதம் கேட்கக் கூச்சப்படுவது நம் மாணவர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். விரிவுரையாளருக்கு அது வழக்கமான வேலை. குறைந்தது நான்கு வாரம் முன்பே போய், "டாக்டர், இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறேன். இது என் தன்விவரக் குறிப்பு, இது கடைசித் தேதி. உங்கள் வகுப்பில் இந்தத் திட்டப்பணி செய்தேன். எனக்காக எழுத முடியுமா?" என்று கேட்டால் போதும்.

பணம்: பெற்றோர் கேட்க வேண்டியவை

"லீவுல ரெண்டு மாசம் வேலைக்குப் போனா செமஸ்டர் செலவுக்கு ஆகுமே" என்று வீட்டில் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. உதவித்தொகை, தங்குமிடம், பயணச்செலவு ஆகிய மூன்றில் எவை கிடைக்கும் என்று விண்ணப்பிக்கும்முன்பே கணக்குப் பாருங்கள். விமானச் செலவை முதலில் நீங்கள் கட்டிப் பிறகு திரும்பப் பெறும் முறை சில இடங்களில் உண்டு. கையில் அந்தத் தொகை இல்லையென்றால், முன்பணம் தர முடியுமா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகாரப் பிரிவிலும் கேளுங்கள். விசாக் கட்டணம், மருத்துவச் சோதனை போன்றவை உங்கள் செலவாக இருக்கலாம்.

"மரபணு ஆய்வுப் பயிற்சி, சான்றிதழ் உறுதி" என்று விளம்பரம் செய்து, இடம் பிடிக்க முன்பணம் கேட்பவர்களிடம் கவனம் தேவை. பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்கி நடத்தும் கோடை வகுப்புகள் வேறு. அவை நேர்மையான பாட வகுப்புகள். ஆனால் ஆய்வுப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு, எந்த ஆய்வுக்கூடம், யார் வழிகாட்டி என்று சொல்லாமல் பணம் மட்டும் கேட்டால் விலகிவிடுங்கள்.

பள்ளியில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

நான்காம், ஐந்தாம் படிவத்தில் உயிரியல், வேதியியல், கூடுதல் கணிதம் ஆகியவற்றை விடாதீர்கள். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேசன் இரண்டுமே இந்தத் துறைக்குப் போகும் பாதைதான்.

விலையுயர்ந்த மடிக்கணினி தேவையில்லை. 'ரோசலிண்ட்' என்ற இலவசத் தளத்தில் டி.என்.ஏ. கணக்குகளைப் பைதானில் ஒவ்வொன்றாகச் செய்து பழகலாம். 'கேலக்ஸி' என்ற இலவசத் தளத்தில் உண்மையான மரபணுத் தரவையே பகுத்துப் பார்க்கலாம். கணக்கு அவர்களுடைய கணினியில் ஓடுவதால் பழைய மடிக்கணினியே போதும். ஐரோப்பிய உயிர்த்தகவல் கழகத்தின் இணையப் பாடங்களுக்கும் கட்டணம் இல்லை. இவற்றில் செய்த பயிற்சியை விண்ணப்பத்தில் தாராளமாகக் குறிப்பிடலாம்.

பிறகு என்ன வேலை?

மருத்துவமனைப் பரிசோதனைக்கூடம், உயிர்த்தகவலியல், மருந்து நிறுவனங்கள், செம்பனை, ரப்பர், நெல் ஆகியவற்றின் பயிர் மேம்பாடு, குற்றவியல் டி.என்.ஏ. சோதனை என்று வழிகள் பல. பரம்பரை நோயுள்ள குடும்பங்களுக்குச் சோதனை முடிவை விளக்கிச் சொல்லும் மரபணு ஆலோசகர் என்ற தொழிலும் இருக்கிறது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அதற்கு முதுகலைப் படிப்பு உண்டு. தாத்தாவிடமும் பாட்டியிடமும் தமிழிலேயே பேசிப் புரியவைக்கக்கூடிய ஆலோசகர் நம் குடும்பங்களுக்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாரும் ஆய்வாளராக முடியாது, ஆகவும் வேண்டாம். பத்து வாரம் இருந்து பார்த்துவிட்டு "இது எனக்கு ஒத்துவராது" என்று திரும்பினாலும், முதுகலைக்கும் அதன் கடனுக்கும் முன்பே அது தெரிந்துவிடுகிறது.

வீட்டில் பல்கலைக்கழக முதலாம், இரண்டாம் ஆண்டு அறிவியல் மாணவர் இருந்தால், இந்தக் கட்டுரையை அவரிடம் காட்டுங்கள். அடுத்த ஜூனுக்கான பட்டியலை இந்த வாரமே எழுதத் தொடங்கலாம்.